தாய்ப்பாலும் முதல் ஆறு மாதமும்: மட்டாஞ்சேரி தரும் பாடம்

கொச்சிக் காயலின் மேற்குக் கரையில் அமைந்துள்ள பழம்பெரும் வாணிகப் பகுதி மட்டாஞ்சேரி. மிளகும் இஞ்சியும் அடுக்கப்பட்ட பண்டகசாலைகளும், கொச்சி அரசர்களின் அரண்மனையும், 1568ஆம் ஆண்டில் எழுந்த யூதர் ஆலயமும் இதன் அடையாளங்கள். 1967இல் கொச்சி மாநகராட்சி அமைந்தபோது, அதுவரை தனி நகராட்சியாக விளங்கிய இப்பகுதி அதனுடன் இணைந்தது. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் எனப் பல மொழிகள் பேசும் மக்கள் இங்கும் இதை அடுத்த ஃபோர்ட் கொச்சியிலும் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சலவைத் தொழிலாளர்களுக்கென 1976இல் கட்டப்பட்ட சலவைக்கூடம் இன்றும் அருகிலுள்ள வேளியில் இருக்கிறது.

மொழியும் உணவும் வீட்டுக்கு வீடு வேறுபடும் இந்நகரில், எல்லா வீட்டிற்கும் பொதுவான உணவு ஒன்று உண்டு. பிறந்த குழந்தை ஆறு மாதம் வரையில் உண்ணவேண்டிய ஒரே உணவாகிய தாய்ப்பாலே அது. அந்த ஆறு மாத காலத்தில் மருத்துவமனை செய்யக்கூடியது எவ்வளவு, வீடு செய்யவேண்டியது எவ்வளவு, இரண்டிற்கும் இடையே நிற்கும் களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடியது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெற்றியும் அதற்குள் ஒரு குறையும்

மகப்பேற்று நலத்தில் கேரளம் அடைந்துள்ள நிலை நாடறிந்தது. 2018–20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, இந்தியாவில் உயிருடன் பிறந்த ஒவ்வொரு லட்சம் குழந்தைகளுக்கும் 97 தாய்மார் மகப்பேற்றுக் காரணங்களால் இறந்தனர். கேரளத்தில் அத்தொகை 19. 2020ஆம் ஆண்டில், ஆயிரம் பிறப்புகளுக்கு ஒரு வயது நிரம்பாமல் இறந்த குழந்தைகள் நாடு முழுவதும் 28, கேரளத்தில் 6. ஒவ்வொரு தாயின் மரணத்தையும், எவரையும் குற்றஞ்சாட்டாமல், காரணம் அறியும் பொருட்டு மறைவாக ஆராயும் முறையைக் கேரள மகப்பேறு மருத்துவர்கள் 2004இல் தொடங்கினர்.

மருத்துவமனைகளில் தாய்ப்பாலுக்கு ஆதரவளிக்கும் பத்துப் படிகளை உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமும் 1989இல் வகுத்தன. அவற்றைக் கைக்கொள்ளும் மருத்துவமனைகளைக் 'குழந்தை நேய மருத்துவமனை' என ஏற்கும் இயக்கம் 1991இல் பிறந்தது. இவ்வியக்கத்தில் முன்னின்ற கேரளம், 2002இல் உலகின் முதல் குழந்தை நேய மாநிலமாக அறிவிக்கப்பட்டது. மட்டாஞ்சேரியில் அரசினர் மகளிர் குழந்தைகள் மருத்துவமனை இயங்கி வருகிறது. காயலுக்கு அக்கரையில் எறணாகுளம் பொது மருத்துவமனை உள்ளது.

எனினும், மற்றொரு கணக்கையும் நாம் நோக்கவேண்டும். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெறுகின்றன. நாடு முழுவதற்கும் இவ்வளவு 41.8 சதவீதமே. ஆனால் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெற்றவை கேரளத்தில் 55.5 சதவீதம், நாடு முழுவதிலும் 63.7 சதவீதம். தமிழ்நாட்டின் நிலையும் கேரளத்தை ஒத்ததே. அங்கு அது 55.1 சதவீதம்.

இக்கணக்கு எடுக்கப்படும் முறையையும் அறிதல் நன்று. கணக்கெடுப்புக்கு முந்திய ஓர் இரவும் பகலும் குழந்தை என்ன உண்டது என்று தாயிடம் கேட்டு இது தொகுக்கப்படுகிறது. பிறந்து சில நாளே ஆன குழந்தையும் ஐந்து மாதம் நிறைந்த குழந்தையும் இதில் ஒருங்கே அடங்கும். வயது ஏற ஏறத் தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகள் குறைவதால், ஆறு மாதத்தையும் முழுமையாக நிறைவேற்றும் தாய்மார் இவ்வளவினும் குறைவாகவே இருப்பர்.

முதல் மணி நேரத்தில் முன்னிற்கும் மாநிலம் ஆறு மாதக் கணக்கில் பின்தங்குவது ஏன்? முதல் மணி நேரம் மருத்துவமனையின் பொறுப்பில் உள்ளது. எஞ்சிய ஏறத்தாழ 180 நாட்கள் வீட்டில் கழிகின்றன. தாய்ப்பாலைப் பற்றிய தீர்ப்பு அங்குதான் எழுதப்படுகிறது.

'பால் போதவில்லை' என்னும் சொல்

குழந்தை மாலையில் ஓயாது அழுகிறது. பாட்டியார் முகம் வாடுகிறது. பால் போதவில்லை என்று எவரோ சொல்கின்றனர். மறுநாள் மாவுப் பால் டப்பா ஒன்று வீட்டிற்கு வருகிறது. பெரும்பாலான வீடுகளில் தாய்ப்பால் குறையத் தொடங்குவது இச்சொல்லிற்குப் பின்னரே. இதன் காரணத்தை உடலியல் நன்கு விளக்குகிறது.

குழந்தை பால் சுவைக்கும்போது தாயின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இரண்டு இயக்குநீர்கள் வெளிப்படுகின்றன. ஒன்று புரோலாக்டின்; இது பாலை உண்டாக்குகிறது. மற்றொன்று ஆக்ஸிடோசின், இது உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. இரவில் புரோலாக்டின் மிகுதியாகச் சுரப்பதால் இரவுப் பாலூட்டல் மிகத் தேவை. மேலும், மார்பில் தங்கிய பால் புதிய பால் ஊறுவதைத் தடுக்கிறது. எடுக்க எடுக்க ஊறுவதே தாய்ப்பாலின் இயல்பு. மணற்கேணி இதற்கு ஏற்ற உவமை.

ஆகவே ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்தால், அவ்வேளையில் குழந்தை மார்பைச் சுவைப்பதில்லை. தேங்கிய பால் ஊற்றைத் தடுக்கிறது. மறுநாள் பால் உண்மையிலேயே சற்றுக் குறைகிறது. குறைந்ததைக் கண்டு இரண்டாம் புட்டி வருகிறது. இவ்வாறு, தொடக்கத்தில் வெறும் ஐயமாக இருந்தது சில வாரங்களில் மெய்யாகிவிடுகிறது. களப்பணியாளர் அவ்வீட்டிற்குச் செல்லவேண்டிய காலம் முதல் டப்பா வந்து சேர்வதற்கு முன்னதாகும்.

கேரளத்தில் நூற்றுக்கு 39 பிரசவங்கள் அறுவை சிகிச்சையால் நிகழ்கின்றன என்று மேற்சொன்ன கணக்கெடுப்பு கூறுகிறது. இத்தாய்மாருக்குப் பால் கட்டுவது சற்றுத் தாமதமாகலாம். எழுந்து உட்காரவும் இயலாது. ஆதலால் ஐயம் இவர்களையே முதலில் பற்றும். பக்கவாட்டில் படுத்தவாறு பாலூட்டும் முறையைக் காட்டிக் கொடுத்து, குழந்தையை எடுத்துத் தர ஒருவரை உடன் அமர்த்தினால் இவர்களும் இனிது பாலூட்டுவர்.

போதுமா என்று அறியும் வழி

ஐயத்தை நீக்க அன்பான சொல் மட்டும் போதாது. அளந்தறியத்தக்க அடையாளங்களும் வேண்டும். அவை வருமாறு:

முதல் வாரம் கழிந்தபின், வேறெதுவும் பெறாத குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ வெளிர்நிறமாகச் சிறுநீர் கழிக்குமானால் பால் போதுமானது.

பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்திற்குள் அது பிறந்த எடையை மீண்டும் எட்டவேண்டும். அதன்பின் முதல் மாதங்களில் மாதத்திற்கு 500 கிராமாவது கூடவேண்டும். அங்கன்வாடித் தராசு இதற்குச் சிறந்த சான்று.

குழந்தை மார்பைப் பற்றியிருக்கும் விதத்தையும் காணவேண்டும். வாய் அகலத் திறந்திருத்தல், கீழுதடு வெளிப்புறம் மடிந்திருத்தல், மோவாய் மார்பைத் தொடுதல், கருவட்டத்தின் மேற்பகுதி கீழ்ப்பகுதியினும் மிகுதியாக வெளியே தெரிதல் ஆகிய நான்கும் நல்ல பற்றுதலின் குறிகள். காம்பை மட்டும் சுவைக்கும் குழந்தைக்குப் பால் கிட்டாது; தாய்க்குக் காம்பு வெடித்து வலியுண்டாகும். பல வீடுகளில் பால் போதாமை எனத் தோன்றுவது பற்றுதலின் பிழையே.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும், காய்ச்சல் கண்டாலும், உடல் குளிர்ந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளித்தாலும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். இவ்விடத்தில் அறிவுரை கூறி நிற்றல் தகாது.

தண்ணீரும் தேனும் வயம்பும்

கடலும் காயலும் சூழ்ந்த மேற்குக் கொச்சிக்கு நல்ல குடிநீர் என்றுமே எளிதாகக் கிட்டியதில்லை. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தின் இயந்திரங்கள் பழுதுற்றபோது, இப்பகுதி மக்கள் லாரித் தண்ணீருக்காகக் குடங்களுடன் காத்திருக்க நேர்ந்தது. இத்தகைய ஊரில் மாவுப் பால் கரைப்பதற்கும் புட்டியைக் கழுவுவதற்கும் ஐயமற்ற நீர் நாள்தோறும் ஆறேழு வேளை கிடைக்குமா என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பங்கு நீரே உள்ளது. கடுங்கோடையிலும் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு வேறு நீர் தேவையில்லை. நீர் கொடுத்தால் சிறிய இரைப்பை நிரம்பி, பால் குடிப்பது குறையும், கிருமிகளும் புகும். தாகத்தைத் தீர்க்கக் குழந்தையை மார்பில் இட்டாலே போதும்.

பிறந்த குழந்தையின் நாவில் பொன்னும் வயம்பும் உரைத்து வைப்பது கேரள வழக்கம். தேன் தொட்டு வைத்தலும், பேரீச்சம்பழத்தை மென்று தடவுதலும், தமிழகத்தில் சேனை வைத்தலும் உண்டு. இவை யாவும் அன்பினால் விளைந்த வழக்கங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தேனில் சில வேளைகளில் இருக்கும் நுண்ணுயிர் விதைகள் ஒரு வயதிற்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் அளவிற் சிறிது. முதல் நாளில் ஒரு வேளைக்குச் சில மில்லிலிட்டரே இருக்கும். குழந்தையின் இரைப்பையும் அவ்வளவினதே. நோயெதிர்ப்புப் புரதங்கள் செறிந்த அச்சீம்பாலே குழந்தையின் நாவில் முதலில் படவேண்டியது. வீட்டுப் பெரியோரை மறுத்துப் பேசாமல், 'அம்மா, அந்த முதல் துளி தாயிடமிருந்தே வரட்டும்' என்று கூறினால் அவர்கள் பெரும்பாலும் இசைவர்.

மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சொட்டு மருந்துகளும், வயிற்றுப்போக்கிற்கான உப்புச் சர்க்கரைக் கரைசலும் இவ்விதிக்கு மாறானவை அல்ல.

தாயின் நலம்

தாய்ப்பாலைப் பற்றிப் பேசுவோர் தாயை மறந்துவிடுதல் உண்டு. குழந்தை சுவைக்கும்போது வெளிப்படும் ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருங்கச் செய்து இரத்தப்போக்கைக் குறைக்கிறது. பிரசவத்திற்குப் பின் ஏற்படும் இரத்தப்போக்கு தாய்மாரின் உயிரைப் பறிக்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பதை நினைவிற் கொள்க. நீண்டகாலம் பாலூட்டிய தாய்மாருக்கு மார்பகப் புற்றுநோயும் குறைவாகவே காணப்படுகிறது.

ஏழைத் தாயின் பால் சத்தற்றது என்னும் எண்ணம் தவறானது. நீலகிரியில் குன்னூரிலிருந்து, பின்னர் ஹைதராபாத்திற்கு மாற்றப்பட்ட ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய டாக்டர் சி. கோபாலன், எளிய குடும்பத்துத் தாய்மாரின் பாலை ஆராய்ந்து 1958இல் முடிவுகளை வெளியிட்டார். குறைந்த உணவு உண்ட தாய்மாரும் குழந்தைக்குப் போதிய அளவு பாலை நெடுநாள் கொடுத்து வந்தனர். அவர்களது பாலில் புரதம் பெரிதும் குறைவதில்லை. சில வைட்டமின்களே குறைகின்றன என்று இவ்வாராய்ச்சிகள் காட்டின. ஆனால் அப்பாலுக்கு வேண்டிய சத்தைத் தாய் தன் உடலிலிருந்து ஈடுசெய்கிறாள். ஆகவே தாய்க்கு உணவூட்டுவது அவளது உடலையே காப்பதாகும்.

பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020இல் வகுத்துள்ளது. வழக்கமான உணவுடன் மீனோ முட்டையோ பயறோ, கீரை, பழம், சற்றுக் கூடுதலான சோறு ஆகியவற்றைச் சேர்த்தால் இது நிறைவேறும். பிரசவித்தவளுக்குப் பத்தியம் என்று மீனையும் பழத்தையும் விலக்குதல் நன்றன்று. கேரளத்திலும் நூற்றுக்கு 31 கர்ப்பிணிகளுக்கு இரத்தசோகை இருந்தது என ஐந்தாவது கணக்கெடுப்பு கூறுகிறது. ஆதலால் பிரசவத்திற்குப் பின்னும் 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்ளவேண்டும். உறக்கமும் மன அமைதியும் அவ்வாறே தேவை. பிரசவித்த தாய் காரணமின்றி நாள்தோறும் அழுதாலோ, குழந்தையிடம் பற்றின்றி இருந்தாலோ அதைப் பிடிவாதம் எனக் கருதாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும்.

வேலைக்குச் செல்லும் தாய்

அரசு அலுவலகத்திலோ பெரிய தொழிற்கூடத்திலோ பணிபுரியும் தாய்க்கு விடுப்பு உண்டு. 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, முதலிரு குழந்தைகளுக்கு 12 வாரமாக இருந்த விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. இது ஏறத்தாழ ஆறு மாதமே. ஆனால் இஞ்சி தெரிந்தெடுக்கும் பண்டகசாலையிலும், இறால் உரிக்கும் கொட்டகையிலும், பிறர் வீட்டிலும் நாட்கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்கு அவ்விடுப்பு எட்டுவதில்லை. அவளிடம் ஆறு மாதம் என்று அறிவுறுத்திவிட்டு அகன்றால் நம் கடமை முடிந்ததாகாது.

அவளுக்குப் பாலைப் பிழிந்து வைக்கும் முறையைக் கற்பிக்கலாம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, கொதிநீரில் தூய்மை செய்த மூடியுள்ள பாத்திரத்தில் பிழிந்த பால், நம் ஊர் வெப்பத்தில் நான்கு மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாளும் கெடாதிருக்கும். அதைக் காய்ச்சுதல் கூடாது. வெந்நீருள்ள பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்கலாம். புட்டியை விடுத்துப் பாலாடையினாலோ சிறு கிண்ணத்தாலோ புகட்டவேண்டும். நம் பாட்டிமார் கையாண்ட பாலாடை அதே பெயருடன் இந்தியக் குழந்தை மருத்துவ நூல்களில் இடம்பெற்றுள்ளது. குறைமாதக் குழந்தைகளின் சிகிச்சைப் பிரிவுகளில் அது நாள்தோறும் பயன்படுகிறது.

தாயின் பால் கிட்டாத குறைமாதக் குழந்தைகளுக்கெனத் தாய்ப்பால் வங்கிகளும் உள்ளன. இந்தியாவின் முதல் வங்கி 1989இல் மும்பை சயன் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸின் முயற்சியால் தோன்றியது. கேரளத்தின் முதல் வங்கி 2021 பிப்ரவரியில் எறணாகுளம் பொது மருத்துவமனையில் தொடங்கிற்று.

டப்பாவின் வரலாறு

இனிப்பூட்டிய கட்டிப் பாலைக் கைக்குழந்தைகளுக்கு ஏற்றதெனப் பரப்பியதால் விளைந்த மரணங்களைக் கண்ட டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், 1939இல் சிங்கப்பூரில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் உரையாற்றினார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 1981இல் உலகச் சுகாதாரப் பேரவை இத்தகைய விற்பனைக்குரிய நெறிமுறையை ஏற்றது. இந்தியா 1992இல் தனிச் சட்டம் இயற்றி, 2003இல் அதனை மேலும் வலுப்படுத்தியது. மாவுப் பாலையும் புட்டியையும் விளம்பரம் செய்வதும், தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதும், டப்பாவின் மீது தாய் சேய் படம் பொறிப்பதும் இச்சட்டப்படி குற்றமாகும். தாய்ப்பாலே சிறந்தது என்னும் அறிவிப்பு டப்பாவின் மீதே இருத்தல் வேண்டும்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒரு வெற்று டப்பாவை வகுப்பில் வைத்து அவ்வறிவிப்பைப் படிக்கச் செய்தால் அது சிறந்த பாடமாகும். பசுவின் பாலில் தாய்ப்பாலைப்போல் ஏறத்தாழ மூன்று பங்கு புரதம் உள்ளது. கன்று சுமார் ஏழு வாரத்தில் பிறந்த எடையினும் இருமடங்காகிறது. மனிதக் குழந்தைக்கு அதற்குச் சுமார் ஐந்து மாதம் ஆகிறது. ஒவ்வோர் உயிரின் பாலும் அதன் வளர்ச்சிக்கேற்ப அமைந்தது என்பதை மாணவர் எளிதில் உணர்வர். இன்று வகுப்பிலுள்ள மாணவனும் மாணவியும் பத்தாண்டுகளில் தந்தையும் தாயும் ஆகக்கூடியவர்கள். வீட்டிலுள்ள அக்காளுக்கோ அண்ணிக்கோ இன்றே செய்தி கொண்டு செல்பவர்களும் அவர்களே.

களப்பணியாளர் சொல் பயனளிக்குமா?

அறிவுரையினால் வீட்டு வழக்கம் மாறுமா என்று ஐயுறுவோருக்கு ஹரியானா விடை தருகிறது. அங்குச் சில கிராமங்களில் அங்கன்வாடிப் பணியாளர், துணைச் செவிலியர், மருத்துவச்சிகள் ஆகியோருக்குப் பயிற்சி அளித்து, தாய்மாரைச் சந்திக்கும் ஒவ்வொரு வாய்ப்பிலும் இதைப் பற்றிப் பேசச் செய்தனர். 2003இல் வெளியான முடிவுகளின்படி, மூன்று மாதக் குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெற்றவை அக்கிராமங்களில் 79 சதவீதம். பிற கிராமங்களில் 48 சதவீதம். வயிற்றுப்போக்குக் குறைந்தது, குழந்தைகளின் வளர்ச்சி சற்றும் குன்றவில்லை. இதைச் செய்தவர்கள் ஏற்கெனவே ஊரில் இருந்த பணியாளர்களே.

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டில் சென்று காண்பது நம் நாட்டில் வகுக்கப்பட்ட முறை. இவ்வாறு சந்திப்புகளில் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தலையாயவை. 'பால் போதவில்லை' என்னும் சொல் பெரும்பாலும் அப்போதுதான் முதன்முறை எழுகிறது. சென்றவர் பத்து நிமிடம் அமர்ந்து, குழந்தை பால் குடிப்பதை நேரில் காணவேண்டும். பாட்டியாரையும் தந்தையையும் உடன் இருத்திப் பேசவேண்டும். 42ஆம் நாளோடு சந்திப்பு முடிந்தாலும் தடுப்பூசி நாட்கள் தொடர்கின்றன. அவ்வேளைகளில் எடையைக் காட்டி, 'உங்கள் பாலினால் வந்தது இது' என்று தாயிடம் கூறும் ஒரு சொல் பெரும் பயன் தரும்.

எல்லா முயற்சியும் செய்தபின் தாய்ப்பால் கொடுக்க இயலாத சில தாய்மாரும் உளர். அவர்களைப் பழித்தல் கூடாது. மருத்துவரின் வழிகாட்டலில் மாற்று உணவைத் தூய்மையாகக் கொடுக்க உதவுவதே முறை.

ஆறாம் மாதம் நிறைந்தபின் தாய்ப்பால் மட்டும் போதாது. இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடர்ந்துகொண்டே, குழைத்த சோறு, பருப்பு, நெய், மீன், பழம் முதலியவற்றைக் கொடுக்கவேண்டும். கேரள அங்கன்வாடிகளில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வழங்கப்படும் 'அம்ருதம்' சத்துமாவும் ஏற்றது. குன்னன்காய் மாவும் கேழ்வரகும் நல்ல உணவுகளே. அவற்றை மூன்றாம் நான்காம் மாதத்திலேயே தொடங்குவதுதான் பிழை. குழந்தைக்கு முதற்சோறு ஊட்டும் 'சோறூண்' சடங்கை ஆறாம் மாதத்தில் நடத்துவது கேரள மரபு. 2001இல் உலகச் சுகாதாரப் பேரவை ஏற்ற ஆறு மாத எல்லையும் ஏறத்தாழ இதுவே. சோறூண் வரையில் தாய்ப்பால் ஒன்றே என்று ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துரைப்போமாயின், பாட்டியாருக்கு அது புதிய விதியாகத் தோன்றாது. மருத்துவமனை தொடங்கி வைத்த நற்பணியை வீடு நிறைவேற்றுவதற்கு நம் பணியாளரும் ஆசிரியரும் இவ்வழியில் துணை நிற்பார்களாக.